வெளியே ஒரு கொப்புளம், உள்ளே முழங்கால் வரை அழுகல்: இத்தனை அறுவை தேவைதானா?

வாசகர் கடிதம்

காவிரிப் படுகைக் கிராமம் ஒன்றிலிருந்து 39 வயதுப் பெண்மணி ஒருவர் ஏழு பக்கங்களில் எழுதிய கடிதம் இது. ஊர், பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 46. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடும் பழக்கமும் உண்டு. வரப்போரத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டும்போது வலது கணுக்காலுக்குச் சற்று மேலே முள் தைத்திருக்கிறது. முள்ளைப் பிடுங்கியபோது கடுகளவு காயம்தான் தெரிந்ததாம். மறுநாள் மாலை நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, தொடையிடுக்கில் நெறி கட்டி, காலைத் தரையில் ஊன்ற முடியாத வலி. பக்கத்து ஊர் கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். காணாக்கடியாக இருக்கும் என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் இரவு நெல்லிக்காய் அளவில் ஊதா நிறக் கொப்புளம் ஒன்று எழும்பியது. "வலி குறைந்துவிட்டது" என்று சொன்ன கணவர், சற்று நேரத்தில் குழறிப் பேசத் தொடங்கினார். 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நள்ளிரவிலேயே கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை திறந்து, அழுகிய பகுதிகளை வெட்டி எடுத்தார்கள். ஒன்றரை நாள் கழித்து மறுபடியும் ஓர் அறுவை. ஐந்தாம் நாளன்று மூன்றாவது அறுவைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். தொற்று முழங்காலைத் தாண்டினால் காலையே எடுக்க நேரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு கொப்புளத்துக்கு இவ்வளவு வெட்டுவார்களா? ஏழை என்பதால் படிக்கிற பிள்ளைகளுக்குப் பழகக் கொடுக்கிறார்கள்" என்று கணவரின் அண்ணன் சொல்கிறார், கையெழுத்துப் போட்டு வெளியே அழைத்துக்கொண்டு போய், பச்சிலை எண்ணெய் கட்டும் நாட்டு வைத்தியரிடம் காட்ட ஏற்பாடு செய்துவிட்டார். இந்நிலையில் 12 வயது மகளுக்கு இரண்டு நாளாகத் தொண்டை வலியும் காய்ச்சலும் இருக்கின்றன. எழுபது வயதான, சர்க்கரை நோயுள்ள மாமியாரும் அதே வீட்டில் இருக்கிறார். கிளினிக் மருத்துவர் மீது புகார் கொடுக்கலாமா என்று கேட்கும் அந்தப் பெண்மணி, "மாத்திரையை நான் கையில் எடுத்துக் கொடுக்காமல் விட்டதால்தான் இப்படி ஆயிற்றா?" என்ற கேள்வியோடு கடிதத்தை முடித்திருக்கிறார்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, நீங்கள் கொடுத்திருந்த எண்ணில் அழைத்து இரண்டே விஷயங்களைச் சொன்னேன். அவரை மருத்துவமனையிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டாம் என்பது ஒன்று. மகளை அன்று மாலைக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. வார்டு வாசலில் நின்று பேசிய உங்களுக்கு அதற்கு மேல் கேட்க அவகாசமில்லை. காரணம் சொல்லாமல் செய்யச் சொன்னவற்றுக்கான காரணங்களை இப்போது எழுதுகிறேன். கணவரின் அண்ணனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். தம்பியின் மேல் உள்ள பாசத்தால்தான் அவர் பதறுகிறார்; அவருக்கும் விளக்கம் கிடைக்க வேண்டும்.

முதலில் நேரடியான பதில்: முதல் இரவில் செய்த அந்த நீண்ட அறுவைதான் உங்கள் கணவர் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் கடிதத்துடன் இணைத்த பரிசோதனை முடிவுகளைப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். அவர் காலிலிருந்து எடுத்த சதையில் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருக்கிறது. வந்து சேர்ந்தபோது அவருடைய மேல் இரத்த அழுத்தம் 80தான் இருந்திருக்கிறது.

தோலுக்கு அடியில் என்ன நடந்தது?

ஆட்டுத் தொடைக்கறியை அலசும்போது, சிவந்த சதையின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு வெள்ளைச் சவ்வு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கத்தி நுனியை அதன் கீழே கொடுத்து இழுத்தால் நீளமாக உரிந்து வரும். மனிதக் காலிலும் அத்தகைய சவ்வு தசைகளைச் சுற்றி நெடுகப் போர்த்தியிருக்கிறது. அதைத் தசையுறை என்கிறோம். அதில் இரத்தக் குழாய்கள் குறைவு. ஆகவே கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே போய்ச் சேருவதும் குறைவு. கிருமி அந்தச் சவ்வைத் தொட்டுவிட்டால், அதை ஒட்டியே மேலும் கீழுமாகப் பரவும். அந்த நேரத்தில் மேலே இருக்கும் தோல் சற்றுச் சிவந்து வீங்கியிருக்குமே தவிர, பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. தோலுக்கு உணவளிக்கும் மெல்லிய குழாய்கள் இந்தச் சவ்வைத் துளைத்துக்கொண்டுதான் மேலே வருகின்றன. அவற்றில் இரத்தம் உறைந்து அடைத்த பிறகே தோல் ஊதாவாகி, கொப்புளித்து, கறுக்கும். ஆகவே நெல்லிக்காய் அளவுக் கொப்புளத்தை நீங்கள் பார்த்த நேரத்தில், அதற்கடியில் ஒரு சாணுக்கும் மேலாக அழுகல் பரவியிருந்திருக்கிறது. வெளியே தெரிந்ததை வைத்து அறுவையின் நீளத்தை அளந்ததுதான் உங்கள் குடும்பத்தில் எழுந்த சந்தேகத்தின் மூலம்.

இந்த நோய்க்கு நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ் என்று பெயர். 1952இல் வில்சன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர் அது. செய்தித்தாள்கள் 'சதை தின்னும் கிருமி' என்று எழுதுகின்றன. கிருமி எதையும் தின்பதில்லை. அது சுரக்கும் நஞ்சுகள் திசுக்களைக் கரைக்கின்றன, குழாய்களை அடைக்கின்றன. அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. சாதாரணமாக ஒரு கிருமி உடலில் நுழைந்தால், நம் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களுள் பத்தாயிரத்தில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் அதை அடையாளம் கண்டு கிளர்ந்தெழும். இந்தக் கிருமியின் சில நஞ்சுகள் அவ்வணுக்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தில் தூண்டிவிடக்கூடியவை. அந்தக் கொந்தளிப்பில்தான் இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீர் குறைகிறது, பேச்சுக் குழறுகிறது. உங்கள் கணவர் குழறியபோது நஞ்சு உடல் முழுவதையும் எட்டிவிட்டது என்று பொருள்.

'வலி குறைந்துவிட்டது' என்று அவர் சொன்னதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எண்ணாதவர் அரிது. ஆனால் இந்த நோயில் முதலில் வரும் வலி கண்ணுக்குத் தெரியும் காயத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிது. பிறகு அந்த இடத்து நரம்புகள் செத்துப்போகும்போது வலி அடங்கி மரத்துப்போகிறது. காய்ச்சலும் சோர்வும் கூடிக்கொண்டே போகையில் வலி மட்டும் குறைந்தால், அது ஆபத்து முற்றியதன் அடையாளம்.

மருந்தே போதாதா?

அறுவை அரங்கில் நாங்கள் காண்பதை உங்களுக்குச் சொன்னால் இது விளங்கும். சந்தேகமுள்ள இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, சவ்வு வரை போய், ஒரு விரலை உள்ளே விடுவோம். நல்ல காலாக இருந்தால் சவ்வு தசையோடு இறுகப் பிடித்திருக்கும், விரல் நகராது, இரத்தம் கசியும். இந்த நோய் இருந்தால் விரல் எந்தத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு போகும், இரத்தம் வராது, பாத்திரம் கழுவிய தண்ணீர் போல ஒரு கலங்கல் நீர் வழியும். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் துணைக்கு உதவும், ஆனால் இறுதித் தீர்ப்பு அந்த விரலுக்குத்தான். இரத்தமே வராத இடத்துக்கு, இரத்தத்தில் ஏற்றிய மருந்து எப்படிப் போய்ச் சேரும்? ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பெனிசிலின் இன்றுவரை நன்றாகவே வேலை செய்கிறது; ஆனால் குழாய்கள் அடைபட்ட செத்த திசுவில் பெனிசிலினால் நுழைய முடிவதில்லை. மேலும், பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் பெனிசிலின் கொல்லும். நெருக்கமாகக் கூடிவிட்ட கிருமிகள் பெருகுவதைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால்தான் நஞ்சு சுரப்பையே நிறுத்தக்கூடிய கிளிண்டாமைசினைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மருந்துச்சீட்டில் அது இருப்பதைப் பார்த்தேன். சரியான சிகிச்சை நடக்கிறது.

பெனிசிலின் புழக்கத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், 1924இல், மெலனி என்ற அறுவை மருத்துவர் சீனாவின் பீக்கிங் நகரில் இதே நோயுடன் வந்த 20 பேரைப் பற்றி எழுதினார். கிருமிக்கொல்லி மருந்து எதுவும் கையில் இல்லாத அந்தக் காலத்தில், தாமதிக்காமல் நீளமாகத் திறந்துவிட்டதாலேயே அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். மருந்தின்றி அறுவையால் பிழைத்தவர்கள் உண்டு. அறுவையின்றி மருந்தால் மட்டும் பிழைப்பது மிக அரிது. 2020இல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த ஓர் ஆய்வின்படி, மருத்துவமனைக்கு வந்து 6 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 100க்கு 19 பேரும், அதற்கு மேல் தாமதமானவர்களில் 100க்கு 32 பேரும் இறந்திருக்கிறார்கள். உங்கள் கணவரை நள்ளிரவிலேயே அரங்குக்குக் கொண்டுபோனதை அவசரம் என்று குறை சொல்லாதீர்கள்.

பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஓர் இளைஞரை இன்னும் மறக்க முடியவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்தவர். முழங்கையில் சிறு சிராய்ப்பு. தாங்க முடியாத வலி. தோல் நன்றாக இருக்கிறதே, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். இரவு 2 மணிக்கு அவருடைய தாய் என் கையைப் பிடித்து, "என் பிள்ளை வலிக்கு இப்படி அழுகிறவன் இல்லை ஐயா" என்றார். விடிந்தபோது தோள் வரை கறுத்திருந்தது. அன்று மாலை அவர் இறந்தார். அந்தத் தாய் சொன்னதுதான் நோயின் முதல் அறிகுறி. அதைக் கேட்கத் தெரியாமல் போயிற்று எனக்கு.

மூன்றாவது அறுவைக்குக் கையெழுத்திடலாமா?

இடலாம், இட வேண்டும். முதல் அறுவையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மறுபடி ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். செத்த திசுவுக்கும் சாகக் கிடக்கும் திசுவுக்கும் உள்ள எல்லை அன்றிரவு தெளிவாகத் தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். ஆகவே 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் திறந்து பார்ப்பது இதன் சிகிச்சை முறையிலேயே அடங்கியது. அழுகல் இல்லை என்று உறுதியாகும் வரை இது தொடரும். மூன்று அல்லது நான்கு முறை அரங்குக்குப் போவது வழக்கம்தான். முதல் அறுவை தவறாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

மருத்துவக் கல்லூரி என்பதால் மாணவர்கள் உடனிருப்பார்கள், உண்மைதான். ஆனால் நள்ளிரவில் இத்தகைய அறுவையைச் செய்யும் குழுவுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர் ஒருவர் இருப்பார். அவர் பெயரைக் கேட்டறிந்து நேரில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. கோபமாகக் கேட்க வேண்டியதில்லை, "இன்று எதை எடுக்கப் போகிறீர்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா?" என்ற மூன்று கேள்விகளுக்கும் தமிழில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கருத்துக் கேட்பது தவறில்லை. ஆனால் இரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நான்கு ஐந்து மணி நேரம் வண்டியில் கொண்டுபோவது, இன்று நடக்க வேண்டிய அறுவையை நாளைக்குத் தள்ளிவிடும். அறிக்கைகளையும் காயத்தின் படத்தையும் இன்னொரு மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது இப்போதைக்குப் போதும். நாட்டு வைத்தியரைப் பொறுத்தவரை, நம் மரபு மருத்துவத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் சவ்வு வரை திறந்து கிடக்கும் புண்ணில் பச்சிலை எண்ணெய் கட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். இந்தக் கட்டத்தில் வெளியே கொண்டுபோனால் அவர் திரும்பி வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

காலை எடுக்க நேர்ந்தால்

இது நிகழாமலும் போகலாம். ஐந்தாம் நாளில் தொற்று முழங்காலுக்குக் கீழேயே நிற்கிறது என்பது நல்ல செய்தி. தசை செத்துவிட்டாலோ, மூட்டுக்குள் சீழ் இறங்கினாலோ, எடுக்க எடுக்க அழுகல் மேலேறினாலோதான் காலை எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். அப்படி ஒரு நிலை வந்தால், மணிக்கணக்கில் தள்ளிப்போடுவதால் கால் மிஞ்சாது. எடுக்க வேண்டிய உயரம்தான் கூடும். முழங்கால் மூட்டு மிஞ்சினால் செயற்கைக் காலுடன் நடப்பது எவ்வளவோ எளிது. வயலிலும் வரப்பிலும் அப்படி நடப்பவர்களை நான் அறிவேன். அரசு மருத்துவமனைகள் மூலம் செயற்கைக் கால் பெற வழியுண்டு, சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. ஆகவே மூட்டைக் காப்பாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நேரம் கேட்காதீர்கள்.

மகளும் மாமியாரும்

தொற்று நோயா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் சற்று விரிவானது. உங்கள் கணவரின் காலில் வளர்ந்த கிருமியே குழந்தைகளுக்குத் தொண்டை வலியையும் உண்டாக்குகிறது. பெரும்பாலான உடல்களில் அது தொண்டையோடும் தோலோடும் நின்றுவிடும். மிகச் சிலரில்தான், சில கொடிய வகைகள்தான், சவ்வு வரை இறங்குகின்றன. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்றாலும், அவர்களிலும் இந்தக் கொடிய நோய் வருவது அரிது. அதற்காக அப்பாவைத் தொடக் கூடாது என்று மகளை விலக்காதீர்கள். கட்டுப் பிரித்திருக்கும்போது அருகில் போகாமலும், பார்த்துவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியும் இருந்தால் போதும். அவளுடைய தொண்டை வலிக்குத்தான் உடனே மருத்துவம் வேண்டும். இந்தக் கிருமிதான் காரணம் என்று மருத்துவர் முடிவு செய்தால், பெனிசிலினோ அமாக்சிசிலினோ 10 நாள் கொடுப்பார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அரைகுறையாக விட்ட தொண்டைத் தொற்று, இந்த வயதுப் பிள்ளைகளில் சில வாரங்கள் கழித்து வாதக் காய்ச்சலாகி இதய வால்வுகளைத் தாக்கக்கூடும்.

மாமியாருக்கு இப்போது அறிகுறி எதுவும் இல்லை என்றாலும், 70 வயதும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால், அவருக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து வேண்டுமா என்று வார்டு மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அடுத்த 30 நாள்களுக்கு வீட்டில் யாருக்குக் காய்ச்சலுடன் தொண்டை வலியோ தோல் சிவப்போ கடும் தசை வலியோ வந்தாலும், 'எங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது' என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கிளினிக் மருத்துவரும் உங்கள் குற்ற உணர்வும்

இந்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் செல்லுலைட்டிஸ் என்ற சாதாரணத் தோல் தொற்று என்றே எண்ணப்படுகிறது. பெரிய மருத்துவமனைகளிலும் அப்படித்தான். ஆகவே முதல் நாளில் கண்டுபிடிக்காதது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. அதே சமயம், சர்க்கரை நோயாளி ஒருவர் நடுங்கும் காய்ச்சலுடனும் ஊன்ற முடியாத வலியுடனும் வரும்போது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. போட்ட வலி ஊசி காய்ச்சலையும் வலியையும் மறைத்து ஒரு நாளை விழுங்கியிருக்கலாம். அத்தகைய மருந்துகள் நோயையே தீவிரமாக்குகின்றனவா என்பது மருத்துவ உலகில் இன்னும் தீராத விவாதம். நான் ஒரு தரப்பின் கடிதத்தை மட்டுமே படித்தவன். ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கட்டணம் வாங்கிய மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கிளினிக் சீட்டையும் மருந்துக் கடை ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மருத்துவமனைப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. இவை கையில் இருந்தால், கணவர் வீடு திரும்பிய பிறகு ஒரு வழக்கறிஞரிடம் பேசி அமைதியாக முடிவெடுக்கலாம். இந்த வாரம் அதற்கான வாரம் அன்று.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கட்டுப்படாத சர்க்கரை தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கிறது, உண்மை. ஆனால் சர்க்கரையே இல்லாத, திடகாத்திரமான இளைஞர்களையும் இந்தக் கிருமி இதே வேகத்தில் வீழ்த்தியிருக்கிறது. நான் சொன்ன சூளைத் தொழிலாளிக்கு வயது 24. அவருக்கு எந்த நோயும் இல்லை. 46 வயது மனிதரின் மாத்திரைக்கு அவருடைய மனைவி ஒருத்தியே பொறுப்பு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மாமியாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் கட்டிய கயிறு கெடுதல் செய்யவில்லை. பற்றுக்குள் மறைந்த தோலும் கழிந்த ஒரு நாளும்தான் இழப்பு. அதைப் பின்னர், சாவகாசமாக அவருக்கு விளக்குங்கள்.

இனி வரும் வாரங்கள்

அழுகல் நின்றுவிட்டால் புண்ணின் அடிப்பகுதி மாறுவதை நீங்களே பார்க்கலாம். சாம்பல் நிறமாகவும் மஞ்சளாகவும் இருந்த இடம், மாதுளை முத்துகளைப் பரப்பியது போல் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும். பலர் அந்த இரத்தத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். எனக்கோ அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். அதன் பிறகு தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டுவார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் காப்பீட்டுப் பிரிவில் உடனே காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. முட்டை, மீன், தக்காளி சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று வெறும் கஞ்சி கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அவ்வளவு பெரிய திறந்த புண்ணிலிருந்து நாள்தோறும் புரதம் வடிந்துகொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்டாவிட்டால் ஒட்டிய தோல் பிடிக்காது. சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், தினமும் இரண்டு முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் கொடுங்கள். இன்சுலின் ஆரம்பித்துவிட்டார்களே, வாழ்நாள் முழுதும் போட வேண்டுமோ என்ற பயமும் வேண்டாம். புண் ஆறும் வரை அது அவருக்குத் தேவை, பிறகு மாத்திரைக்கு மாற முடியுமா என்று பார்ப்பார்கள். வீடு திரும்பியதும் சர்க்கரை மாத்திரை தொடர்ந்து கிடைக்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருடைய பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இயன்முறைப் பயிற்சிக்கும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வருவார்கள். பயிற்சியை விட்டுவிட்டால் ஒட்டிய தோல் சுருங்கிக் கணுக்காலை இழுத்துப் பிடித்துவிடும்.

ஒட்டிய தோலில் உணர்ச்சி குறைவாகவே இருக்கும். அடுத்த முறை முள் தைத்தால் அவருக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே வயலுக்குப் போகும்போது கணுக்காலை மூடும் செருப்பும், திரும்பி வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் கால்களைச் சுற்றிப் பார்ப்பதும் இனி அன்றாட வேலை. காயம் இருந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். தடுப்பூசி நாள் கடந்திருந்தால் டெட்டனஸ் ஊசி போடுங்கள். இறால் குட்டையிலோ உவர்நீரிலோ பட்ட காயம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் உப்புநீரில் வாழும் கிருமிக்கு மருந்து வேறு. காயத்தைச் சுற்றிச் சிவப்புத் தெரிந்தால், அதன் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டுப் பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, கோட்டுக்கு வெளியே தொட்டாலும் துடிக்கிற அளவுக்கு வலித்தாலோ, பற்றுப் போடாமல், வலி ஊசிக்குப் போகாமல், இரவு எத்தனை மணியானாலும் 108ஐ அழைத்து, அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போய்விடுங்கள்.